எட்டுக்குக் கிளம்பி இரண்டில் நின்ற கணக்கு

“வீட்டு மாடியில் சோலார் போடலாம் என்று இருக்கிறோம். எத்தனை கிலோவாட் போடுவது?” உழவர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஒற்றை எண்ணில் இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. பக்கத்து வீட்டுக்குப் பொருந்திய எண் நம் வீட்டுக்குப் பொருந்தாது. அன்னூர் வட்டாரத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று பார்த்தால், நம் வீட்டுக்கான எண்ணை நாமே கண்டுபிடித்துவிடலாம்.

அன்னூரிலிருந்து அவிநாசி போகும் சாலையை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது அந்தத் தோட்டம். நாலு ஏக்கர். தென்னை, சோளத்தட்டு, கொஞ்சம் வாழை. கட்டுத்தரையில் நான்கு கறவை மாடுகள். தோட்டக்காரருக்கு 66 வயது, மனைவிக்கு 60. மகன் கோவையில் வேலை பார்க்கிறார். சனி, ஞாயிறுகளில் குடும்பத்தோடு வந்து போவார். மாடு, பால், வீட்டுச் செலவு எல்லாம் அந்த அம்மாவின் கணக்கு நோட்டில் இருக்கும். வெள்ளாமையும் வெளி வேலையும் பெரியவருடையது.

2024 சித்திரையில் ஒரு நாள் சாயங்காலம் கோடை மழையோடு அடித்த காற்றில் இரண்டு மின்கம்பங்கள் சாய்ந்தன. இரண்டு நாள் மின்சாரம் இல்லை. பால் கறக்கும் இயந்திரம் நின்றுபோனது. நான்கு மாடுகளையும் காலையும் மாலையும் அந்த அம்மா கையாலேயே கறந்தார். ஏற்கெனவே மணிக்கட்டு வலிக்காரர். மூன்றாம் நாள் கை வீங்கி, குடத்தைத் தூக்க முடியவில்லை. பெரியவர் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரமே சோலார் விசாரிக்கக் கிளம்பிவிட்டார்.

நாலு லட்சத்து அறுபதாயிரம்

விசாரிக்க அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பங்காளி வீட்டு மாடியில் அந்த வருஷம்தான் 8 கிலோவாட் போட்டிருந்தார்கள். அவர் சொன்ன நிறுவனத்திலிருந்து விற்பனைப் பிரதிநிதி ஒருவர் வந்தார். மாடிக்கு ஏறினார். டேப் பிடித்து அளந்தார். “எண்ணூறு சதுர அடிக்கு மேல சும்மாதானுங்க கிடக்குது. எட்டு கிலோவாட் தாராளமாப் போடலாம். மிச்ச கரண்டை ஈபிக்கே வித்துக் காசு பாத்துக்கலாம்” என்றார். மறுநாளே கொட்டேஷன் வந்தது. நாலு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய். மத்திய அரசின் மானியம் 78,000 போக மூன்று லட்சத்து எண்பத்திரண்டாயிரம்.

பெரியவரிடம் அவ்வளவு ரொக்கம் இல்லை. நான்கு மாடுகளில் இரண்டை விற்பது, மீதிக்கு நகையை அடகு வைப்பது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டார். மாட்டு வியாபாரிக்கும் சொல்லி அனுப்பிவிட்டார். வியாபாரி வந்து மாட்டின் பல்லைப் பார்த்தபோதுதான் அந்த அம்மாவுக்கு விஷயமே தெரிந்தது.

“ஏனுங்க, எதுக்கு இப்ப மாடு?”

“சோலாருக்கு அம்மிணி. எட்டு கிலோவாட். அப்புறம் கரண்டுக் கவலையே கிடையாது.”

“எட்டுன்னு யாரு சொன்னது?”

“மாடிய அளந்து பாத்துச் சொன்னாங்க.”

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “யூனிட்டுக்கு ஒரு பைசா ஏத்துனாங்கன்னு உங்கப்பாரு கோயமுத்தூருக்கு வண்டி கட்டிட்டுப் போனாருன்னு வருசம் பூரா சொல்லுவீங்களே. அவரு மகன் நாலரை லட்சத்துக்குக் கணக்குப் பாக்காமக் கையெழுத்துப் போடலாமுங்களா?”

அந்தச் சொல் பெரியவரைத் தைத்தது. கொங்கு விவசாயிக்கு மின்சாரக் கணக்கு புதிதல்ல. 1930-களில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு கோவை வட்டாரக் கிணறுகளில் கவலையின் இடத்துக்கு மோட்டார் வந்தது. 1970-இல் மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் விவசாயிகள் மூன்று பேர் உயிரிழந்தார்கள். 1972-இல் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகள் கோவை நகருக்குள் திரண்டு வந்து சாலைகளை அடைத்தன. அந்த வண்டிகளில் ஒன்று பெரியவரின் அப்பாவுடையது. அப்போது பெரியவருக்கு 14 வயது. இன்று கிணற்று மோட்டாருக்குக் கிடைக்கும் இலவச மின்சாரத்துக்குப் பின்னால் அந்தக் காலத்துப் போராட்டங்கள் இருக்கின்றன.

மாட்டு வியாபாரியை “அப்புறம் வாங்க” என்று அனுப்பிவிட்டு, ஊரிலேயே இருக்கும் ஓய்வுபெற்ற வயர்மேனைக் கூப்பிட்டு விட்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் கம்பம் ஏறிய மனிதர். பெரியவருக்கு ஐந்தாறு வயது இளையவர்.

மாடிக்கு ஏறவில்லை, அட்டையைக் கேட்டார்

வந்தவர் மாடிப் பக்கமே போகவில்லை. ஆசாரத்துத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுக் கேட்டார்: “அக்கா, மீட்டர் அட்டை இருக்குதுங்களா?”

கணக்கெடுக்க வருபவர் குறித்துவிட்டுப் போகும் வெள்ளை அட்டை. இப்போது பல வீடுகளில் அதை யாரும் தேடுவதில்லை. குறுஞ்செய்தியில் தொகை வருகிறது, மகனோ மகளோ கைப்பேசியிலேயே கட்டிவிடுகிறார்கள். அந்த அம்மா மட்டும் ஒவ்வொரு தடவையும் யூனிட்டை அட்டையிலும் பால் நோட்டின் கடைசிப் பக்கத்திலும் எழுதி வைத்திருந்தார். 2023-ஆம் வருஷத்தின் ஆறு கணக்கெடுப்பும் இருந்தன.

தை, மாசியை ஒட்டி 540 யூனிட். பங்குனி, சித்திரையில் 760. அடுத்து 620. ஆடி வாக்கில் 560. புரட்டாசி, ஐப்பசியில் 610. வருஷக் கடைசியில் 530. மொத்தம் 3,620 யூனிட். அதாவது நாளொன்றுக்குப் பத்து யூனிட்.

“இதுல கெணத்து மோட்டார் சேராதுங்ளே?” என்றார் வயர்மேன்.

“அது தனி சர்வீஸ் தம்பி. அதையும் சோலார்ல ஓட்டிக்கலாம்னுதான் எட்டு.”

“அதுக்கு இலவச மின்சாரம் இருக்குதுங்ணா. வீட்டு மாடியில போடறது வீட்டு மீட்டருக்குத்தான். அதையும் இதையும் கொழப்பக் கூடாது.”

பிறகு ஒரு கேள்வி கேட்டார். விவசாயிக்கு உடனே புரிகிற கேள்வி. “ஏனுங்ணா, புது வயல்ல என்ன வெள்ளாமை வெக்கலாம்னா எதைப் பாப்பீங்க? நெலம் எத்தனை ஏக்கர் சும்மா கிடக்குதுன்னா பாப்பீங்க?”

“கெணத்துல தண்ணி எவ்வளவு இருக்குதுன்னு பாப்பேன்.”

“அப்பறம் கரண்டுக்கு மட்டும் எதுக்குங்ணா மாடிய அளந்தீங்க?”

முதல் மூட்டை, இரண்டாம் மூட்டை, மூன்றாம் மூட்டை

கோவை வட்டாரத்தில் ஒரு கிலோவாட் சோலார் பலகை வருஷ சராசரியில் நாளுக்கு சுமார் நான்கு யூனிட் தரும். மாசி, பங்குனியில் ஐந்தை நெருங்கும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் வந்துகொண்டே இருக்கும் நாட்களிலும், ஐப்பசி அடைமழையிலும் மூன்றுக்குக் கீழேயும் போகும். இரண்டு மாதத்துக்கு ஒரு கிலோவாட்டுக்கு 240 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம்.

பத்து யூனிட் வேண்டும், ஒரு கிலோவாட் நான்கு தரும், அப்படியானால் இரண்டரை கிலோவாட் என்று கணக்கை முடித்துவிடலாம்தான். ஆனால் நம் மாநிலத்தில் இன்னொன்றும் உண்டு. 2016 மே மாதம் முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சும்மா கிடைக்கிற 100 யூனிட்டுக்குப் பலகை வாங்க வேண்டியதில்லை.

அதைவிட முக்கியமானது கட்டணத்தின் ஏணிப்படி. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தில் 500 யூனிட் ஓடினால் பில் 1,725 ரூபாய். 501 ஓடினால் 1,958. ஒரே ஒரு யூனிட் கூடியதற்கு 233 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும் கீழ்ப்படியில் இருக்கும் சலுகை விலை பறிபோய்விடுவதுதான் காரணம். 600 யூனிட்டுக்கு 2,750. 800-க்கு 4,550. கட்டணம் பிறகு 2024 ஜூலையில் கொஞ்சம் ஏறியது. ஏறினாலும் ஏணியின் அமைப்பு அதேதான்: மேல்படியில் ஓடும் யூனிட்டுக்குத்தான் விலை அதிகம்.

வயர்மேன் அந்த அம்மாவின் நோட்டிலேயே கணக்குப் போட்டார். நெட் மீட்டர் வைத்தால், நாம் எடுத்த யூனிட்டிலிருந்து நாம் கொடுத்த யூனிட்டைக் கழித்து, மிச்சத்துக்குத்தான் பில். 2023-இல் ஓடிய அதே யூனிட், அன்றைய அதே கட்டணம். வருஷத்துக்கு எவ்வளவு கட்ட வேண்டிவரும்?

சோலார் இல்லாமல் – 16,850 ரூபாய்.
1 கிலோவாட் இருந்தால் – சுமார் 5,790 ரூபாய்.
2 கிலோவாட் இருந்தால் – சுமார் 450 ரூபாய்.
3 கிலோவாட் இருந்தால் – ஒன்றுமில்லை.

பெரியவர் அந்த நான்கு வரிகளையும் இரண்டு தடவை படித்தார். முதல் கிலோவாட் பதினோராயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்கிறது. இரண்டாவது ஐயாயிரத்துச் சொச்சம். மூன்றாவது வெறும் 450.

வயலில் இதைப் பார்க்காத விவசாயி உண்டா? யூரியா முதல் மூட்டைக்குப் பயிர் எழுந்து நிற்கும். இரண்டாம் மூட்டைக்குக் கொஞ்சம் பச்சை கூடும். மூன்றாம் மூட்டைக்குப் பயிர் சாயும், பூச்சி வரும். மூட்டையின் விலை மட்டும் மூன்றுக்கும் ஒன்றுதான்.

“மூணாவதுக்கும் மானியம் இருக்குதுங்களே தம்பி” என்றார் அந்த அம்மா. நியாயமான கேள்வி. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. மொத்தம் 78,000. அதற்கு மேல் எத்தனை போட்டாலும் மானியம் அவ்வளவுதான். பெரியவருக்குக் கிடைத்த வேறொரு விலைப்படி 2 கிலோவாட் 1,40,000 ரூபாய். மானியம் 60,000 போக 80,000. 3 கிலோவாட் 1,95,000. மானியம் போக 1,17,000. மூன்றாவது கிலோவாட்டுக்குக் கையிலிருந்து போவது 37,000 ரூபாய். வருஷத்துக்கு 450 ரூபாய் மிச்சம் பிடிக்க 37,000 ரூபாய். மானியம் கிடைக்கிறதே என்று தேவையில்லாத பண்ணைக் கருவியை வாங்கிக் கொட்டகையில் துருப்பிடிக்க விட்டவர்களுக்கு இது புரியும்.

இரண்டு கிலோவாட்டில் போட்ட 80,000 ஏறத்தாழ ஐந்து வருஷத்தில் திரும்பிவிடும். எட்டு கிலோவாட்டின் மூன்று லட்சத்து எண்பத்திரண்டாயிரம் திரும்ப, வட்டியைச் சேர்க்காமலே, இருபத்திரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும்.

“அப்ப எனக்கு எண்பத்தெட்டு வயசு” என்று பெரியவரே சிரித்தார்.

“மாட்டை வித்திருந்தா இன்னும் மோசமுங்க” என்றார் அந்த அம்மா. “ரெண்டு மாடும் சேந்து இருபது லிட்டர். தீவனம் போக நாளைக்கு முந்நூறு ரூவா நிக்கும். கரண்டு பில்லு நாளைக்கு நாப்பத்தாறு ரூவாதான் வருது. நாப்பத்தாற மிச்சம் பண்ண முந்நூற விக்கறதாக்கும்!”

விற்றுக் காசு பார்க்கலாமா?

மிச்ச மின்சாரத்தை விற்கலாம் என்று பிரதிநிதி சொன்னது பெரியவர் மனதில் இன்னும் இருந்தது. “ஓடந்துறையில வித்தாங்களே தம்பி?” என்று கேட்டார்.

மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சியின் கதை இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2006-இல் சுமார் 1.55 கோடி ரூபாயில், வங்கிக் கடனோடு, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை அந்த ஊராட்சி வாங்கி உடுமலை அருகே மைவாடியில் நிறுவியது. ஊராட்சியின் தேவை போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றது. ஆனால் அங்கேயும் ஊராட்சி எடுத்துப் பார்த்தது முதலில் மின்கட்டணச் செலவைத்தான். தெருவிளக்கு, குடிநீர் மோட்டார் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு நாலரை லட்சம் யூனிட் தேவை என்று தெரிந்த பிறகுதான் அதற்கேற்ற காற்றாலை. அது தனி ஒப்பந்தம், தனி விலை.

வீட்டு மாடிக் கணக்கு வேறு. “மிச்சம் போற கரண்டுக்கு நீங்க வாங்கற வெல கெடைக்காதுங்ணா. விக்கறதுக்குன்னு வீட்டுல யாரும் போடக் கூடாது. வெங்காயத்த வீட்டுக்குன்னு வெச்சா ஒரு அளவு, சந்தைக்குன்னு வெச்சா வெலையைப் பாக்கணும்” என்றார் வயர்மேன்.

அப்படியானால் பங்காளி ஏமாந்துவிட்டாரா? இல்லை. அவர் வீட்டில் இரண்டு குடும்பம், மூன்று ஏ.சி., மேல் மாடியில் வாடகைக்காரர். இரண்டு மாதத்துக்கு 1,900 யூனிட்டுக்கு மேல் ஓடுகிறது. 8 கிலோவாட் தருவதும் ஏறத்தாழ அவ்வளவுதான். அவருக்கு எட்டு சரி. அடுத்தவர் செருப்பு நல்ல செருப்பாகவே இருந்தாலும் நம் காலுக்குச் சேர வேண்டாமா?

யாரும் சொல்லாத விஷயம்

எல்லாம் முடிந்தது என்று வயர்மேன் எழுந்தபோது பெரியவர் சொன்னார்: “இப்பத்தான் தம்பி நிம்மதி. இனி எந்தக் காத்து அடிச்சாலும் இவ கையால கறக்க வேண்டியதில்ல.”

வயர்மேன் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணா, அதுக்காகத்தான் சோலார் போடறீங்களா?”

“பின்ன?”

“லைன்ல கரண்டு போச்சுன்னா இந்த சோலாரும் நின்னுருமுங்ணா.”

பெரியவருக்கு நம்ப முடியவில்லை. உச்சி வெயில் காயும்போது மாடியில் பலகை இருந்தும் மின்சாரம் இல்லாமல் போகுமா? போகும். வீடுகளில் பெரும்பாலும் போடப்படுவது மின்வாரியக் கம்பியோடு இணைந்த அமைப்பு. கம்பியில் மின்சாரம் இல்லையென்றால் அதன் இன்வெர்ட்டர் தானாகவே அணைந்துவிட வேண்டும், அப்படித்தான் செய்கிறார்கள். 2 கிலோவாட் ஆனாலும் 8 கிலோவாட் ஆனாலும் இதுதான் நிலை.

“ஏன் தெரியுமுங்களா? காத்துல கம்பி அறுந்துச்சுன்னு வெச்சுக்கங்க. ஆஃப் பண்ணிட்டமுன்னு நம்பி நான் கம்பத்துல ஏறி நிக்கறேன். அந்நேரம் உங்க மாடியில இருந்து கரண்டு லைனுக்கு வந்தா என் கதி என்னாகும்?” என்றார் வயர்மேன். வேலையில் இருந்த காலத்தில் உடன் வேலை பார்த்த ஒருவரைக் கம்பத்திலிருந்து இறக்கியவர் அவர். அதற்கு மேல் அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை.

பெரியவர் கட்டுத்தரைப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு மாட்டை விற்று, நகையை அடகு வைத்து, எட்டு கிலோவாட் போட்டிருந்தாலும் அடுத்த காற்றுக்கு அந்த அம்மா கையால்தான் கறந்திருக்க வேண்டும். எதற்காகக் கிளம்பினாரோ அது மட்டும் அந்தக் கொட்டேஷனில் இல்லை. தன் தேவை என்னவென்று அவர் பிரதிநிதியிடம் சொல்லவும் இல்லை. அவர் கேட்கவும் இல்லை.

அந்த அம்மாவுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது, இத்தனை நாள் இவர் எதற்காக அலைந்தார் என்று. “என்ற கைக்காகவா இத்தன ஆட்டம்?” என்று மட்டும் கேட்டுவிட்டு, மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தேவை இரண்டு, அளவும் இரண்டு

பிறகு கணக்கை இரண்டாகப் பிரித்தார்கள். பில்லைக் குறைப்பது ஒன்று. மின்தடையில் இயந்திரத்தை ஓட்டுவது இன்னொன்று. இரண்டையும் ஒரே எண்ணில் அடக்கப் பார்த்ததுதான் குழப்பத்துக்குக் காரணம்.

முதல் தேவைக்கு 2 கிலோவாட். இரண்டாவது தேவைக்குச் சாதாரண இன்வெர்ட்டரும் பேட்டரியும். கறவை இயந்திரத்தின் மோட்டார் 1 ஹெச்.பி. ஓடும்போது முக்கால் கிலோவாட்டுக்குச் சற்று மேலே இழுக்கும். நான்கு மாட்டுக்கு ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம். ஆனால் கிளம்பும் நொடியில் மூன்று, நான்கு மடங்கு இழுக்கும். விளக்குக்கும் ஃபேனுக்கும் வாங்குகிற சிறிய இன்வெர்ட்டர் அங்கேயே மூச்சை விட்டுவிடும். அதனால் 2.5 கே.வி.ஏ. இன்வெர்ட்டரும் 150 ஏ.ஹெச். பேட்டரி இரண்டும் என்று முடிவானது. அந்த இரண்டு பேட்டரியிலும் சேர்ந்து இருப்பு மூன்றரை யூனிட். பாதிக்குக் கீழே இறக்காமல் பயன்படுத்தினால் இரண்டு வேளைக் கறவைக்குப் போதும். இதற்கு ஐம்பதாயிரத்துச் சொச்சம். எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து முப்பதாயிரத்துச் சொச்சத்தில் முடிந்தது. மாடு கட்டுத்தரையிலேயே நின்றது. நகை பீரோவிலேயே இருந்தது.

அளவு சிறியதானதில் இன்னொரு நன்மையும் வந்தது. மாடியின் தென்மேற்கில் இரண்டு தென்னை மரங்கள். பெரியவரின் அப்பா வைத்தவை. மதியம் மூன்று மணிக்கு மேல் மாடியில் பாதிக்கு நிழல் விழும். ஒரு பலகையில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசையில் உற்பத்தி குறையும். சொட்டுநீர்க் குழாயில் ஓர் இடத்தில் மண் அடைத்தால் அதற்கப்புறம் நடப்பதைப் போல. எட்டு கிலோவாட் போட்டிருந்தால் அந்த மரங்களை வெட்டச் சொல்லியிருப்பார்கள். இரண்டு கிலோவாட்டுக்கு நான்கு பலகைதான். இருநூறு சதுர அடி போதும். கிழக்கு ஓரத்தில் நிழல் படாத இடத்தில் தெற்கு பார்த்து லேசான சாய்வில் வைத்தார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் ஊர் என்பதால் தாங்கு சட்டத்தைக் கான்கிரீட்டில் ஆழமாகப் பதித்தார்கள்.

வயர்மேன் போகிற போக்கில் இரண்டு வேலை சொன்னார். மேல்தொட்டியின் ஒழுகலை அடைப்பது ஒன்று. அதனால் குடிநீர் மோட்டார் தினமும் வெட்டியாக ஓடிக்கொண்டிருந்தது. பழைய 75 வாட் ஃபேன்களை மாற்றி 30 வாட் அளவில் ஓடும் புது ஃபேன் போடுவது இன்னொன்று. மகன் வரும் நாட்களில் ஓடும் ஏ.சி.க்கு அந்த மிச்சமே ஈடாகிவிட்டது.

ஒரு வருஷம் கழித்து

2024 ஆவணியில் பலகை ஏறியது. பிறகு ஒரு வருஷமும் அந்த அம்மா நோட்டில் எழுதினார். ஐப்பசி மழையில் மூன்று நாள் சேர்ந்தாற்போல நாளுக்கு இரண்டு யூனிட்டுக்கு மேல் வரவில்லை, பெரியவர் பதறிப்போனார். மாசியில் ஒன்பது யூனிட்டுக்கு மேல் வந்தபோது ஊரெல்லாம் சொன்னார். வருஷ மொத்தம் 2,900-ஐ நெருங்கி நின்றது. போட்ட கணக்கு பெரிதாகப் பிசகவில்லை. போர்த் தண்ணீரால் கழுவியதில் பலகையில் உப்புக் கறை படிந்தது மட்டும் எதிர்பாராதது. இப்போது குடிநீரைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அடுத்த கோடையிலும் காற்று அடித்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மின்சாரம் போனது. பெரியவர் கட்டுத்தரைக்கு ஓடினார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா மாட்டின் முதுகில் கை வைத்தபடி நின்றிருந்தார். விற்கக் கிளம்பிய இரண்டு மாடுகளில் ஒன்று அது. அதற்குப் பக்கத்தில் கட்டியிருந்தது, மாசியில் அது ஈன்ற கிடாரிக் கன்று.

உங்கள் வீட்டுக் கணக்கு

• கடைசி ஆறு மின்கணக்கெடுப்பின் யூனிட்டைக் கூட்டி ஆறால் வகுங்கள். அதில் இலவசமான 100-ஐக் கழியுங்கள். மீதியை 240-ஆல் வகுங்கள். வருவதுதான் உங்களுக்கான கிலோவாட். அந்தத் தோட்டத்து வீட்டுக்கு: 603-இல் 100 போக 503, அதை 240-ஆல் வகுத்தால் 2.1.

• இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் ஓடும் வீடுகளுக்கு பில்லே மிகக் குறைவு. பில்லைக் குறைக்க மட்டும் என்றால் அவசரப்பட வேண்டாம்.

• ஏ.சி., மின்சார ஸ்கூட்டர் என்று ஓரிரு வருஷத்தில் நிச்சயம் வாங்கப் போவதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். எப்போதாவது வரலாம் என்பதைச் சேர்க்க வேண்டாம். மாடியில் இடம் விட்டு வைத்தால் போதும்.

• ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி தேவை. நிழலைக் காலை ஒன்பது, மதியம் பன்னிரண்டு, மாலை மூன்று என்று மூன்று வேளையும், மார்கழியிலும் ஆனியிலும் எங்கே விழும் என்றும் யோசித்துப் பாருங்கள்.

• மின்தடைக்கு என்றால் அதை முதலிலேயே சொல்லிக் கேளுங்கள். பேட்டரி இல்லாத அமைப்பு மின்தடையில் ஓடாது.

• மானியத்துக்கு உள்நாட்டில் தயாரான பலகையாக இருக்க வேண்டும். கொட்டேஷனில் அதை எழுதி வாங்குங்கள். நெட் மீட்டருக்கான செலவு, பில்லில் சேரும் பிற கட்டணங்கள் ஆகியவற்றை உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

• மாட்டுப் பண்ணை, கோழிப் பண்ணை என்று தனித் தொழிலாக நடத்துவோருக்கு இணைப்பு வகையே வேறு. இந்தக் கணக்கு வீட்டு இணைப்புக்கு மட்டும். கிணற்றுக்கு சோலார் பம்ப்செட் வேண்டுவோர் வேளாண்மைப் பொறியியல் துறையை அணுக வேண்டும். அது தனித் திட்டம்.